மாமன் மடி

குழந்தையைக் கொடு என்று இரண்டு கைகள் நீண்டன.

அவள் கொடுக்கவில்லை.

நீண்ட கைகள் வேல்முருகுவுடையவை. மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம். இன்று குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்காக இவருக்குப் புது வேட்டி கொடுத்து, கோயில் பந்தலில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் பூவரசன் இருக்கிறான்.

பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிற்கிறான். அவன் கொண்டுவந்த சீர்த்தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மாமனார் நேற்றே சொல்லிவிட்டார். பூவரசன் வரட்டும், சீர் வைக்கட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மடி மட்டும் நம்ம சாதியாக இருக்கட்டும். ஊர் பார்க்கும்.

சாதி மாறிக் கட்டிக்கொண்டு வந்த மருமகளிடம் இதை எவ்வளவு தணிவாகச் சொல்ல முடியுமோ, அவ்வளவு தணிவாகத்தான் சொன்னார்.

குழந்தையின் மொட்டைத்தலைச் சந்தனம் அவள் தோளில் ஈரமாக ஒட்டியது. மகிழினி வேல்முருகுவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மரத்தடியில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது போனால் இனி வரமாட்டான். மகிழினிக்கு இப்படியொரு மாமன் உண்டு என்பது போட்டோவில்கூட இருக்காது.

அவள் எழுந்தாள். குழந்தையோடு பந்தலை விட்டு இறங்கினாள்.

கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். வேண்டாம், அந்த வீட்டில் உனக்குத்தான் கஷ்டம் என்றான்.

"உட்காருண்ணே."

உட்கார்ந்தான். வெறுந்தரையில்.

மேளம் நின்றது.

முதலில் எழுந்தது அவள் கணவன். ஜமுக்காளத்தைச் சுருட்டத் தொடங்கினான். வேல்முருகு இன்னும் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. எழுந்த பிறகு, மறுமுனையை அவரே தூக்கிப் பிடித்தார். பெரிய பாரம் இறங்கியவர் போலிருந்தார்.

பிறகு மாமியார். தேங்காய்த் தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆசாரியைப் பார்த்தார்.

"பொட்டியைத் தூக்குங்க ஆசாரி. மாமன் மடி எங்கயோ அங்கதான ஊசி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எழுந்தும் வந்தார்கள். சிலர் வரவில்லை. இலை போட்டாயிற்றா என்று பந்திப் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மாமனார் இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஜமுக்காளம் மரத்தடியில் விரிந்தது.

ஊசி இறங்கியது.

மகிழினி வீறிட்டாள். மாமன் நெஞ்சில் முகம் புதைத்து, அவன் சட்டையெல்லாம் சந்தனமாக்கி அழுதாள்.

பேத்தியின் அழுகை பொறுக்காத ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். சோற்றில் கை வைத்திருந்தாலும் அப்படியே எழுந்து ஓடி வருவார்.

ஆசாரி அடுத்த காதுக்கு ஊசியைத் துடைத்தார்.

பின்னால், மணலில் யாரோ அவசரமாக நடந்து வரும் சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜமுக்காளத்தில் சற்றே நகர்ந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.