பெட்டி என்கிற பேர்

இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள்ளே இருக்கிற சாமானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வெளியே வந்துவிடும். ஒரு மழை நாளில், ஒழுகுகிற கூரைக்குக் கீழே நனைந்துகொண்டிருந்த குட்டி மரப்பெட்டி அதனிடம் இடம் கேட்டது.

“பேர் என்ன?”

“பெட்டி.”

“அது என் பேருடா. டப்பான்னு மாத்திக்கிட்டு வா.”

குட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊறி உளுத்துப் போனாலும் போவேன், டப்பான்னு சொல்லமாட்டேன். எங்கப்பன் தச்சன் வெச்ச பேரு இது.”

இரும்புப் பெட்டியில் தொங்கிய பூட்டுக்கும் பொறுக்கவில்லை. “ஏண்ணே, உங்களை எவன் பேர் சொல்லிக் கூப்பிடுறான்? வர்றவன் நேரா உங்க மேலதான் கை வைக்கிறான். உள்ளே கிடக்கிறவங்களுக்குத்தான் பேரு வேணும்” என்று கழன்று விழுந்தது.

குட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

இப்போதெல்லாம் “பெட்டி” என்று கூப்பிட்டால் குட்டிதான் “இருக்கேன்” என்கிறது. பெரிய பெட்டி பல்லைக் கடித்துக்கொண்டே வாயைத் திறக்கிறது.