ஜன்னல் கம்பெனி வழக்கு

"ஜெயிச்சுட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வக்கீல் கெண்ட்ரா பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். ஆர்லன் ப்ரீபே முதலில் கதவைச் சாத்தினார். நாலடி நடந்துவிட்டு, திரும்பிப் போய் அதைத் தள்ளியும் பார்த்தார்.

ஃபோர்ட் வெய்னில் நவம்பர் குளிர் ஆரம்பித்திருந்தது. சமையலறைச் சுவரில் பழைய போன் மாட்டியிருந்தது, அதன் கீழே மெத்தை போட்ட ஒரு நாற்காலி. கெண்ட்ரா அதில் உட்காரப் போனாள்.

"அது வேண்டாம்மா, இதுல உக்காருங்க" என்று வேறொன்றை இழுத்துப் போட்டார்.

கெண்ட்ராவுக்கு இந்தக் கிழவரைப் பிடிக்கும், ஆனால் புரியாது. விற்பனைக்காரர்கள் கூப்பிடக் கூடாது என்று அரசாங்கப் பட்டியலில் பதிந்து வைத்திருந்த இவர் வீட்டு நம்பருக்கு, ஒரு ஜன்னல் கம்பெனி ஓயாமல் போன் போட்டது. ஊரில் மற்றவர்கள் திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். இந்த மனுஷர் வழக்கே போட்டுவிட்டார். "என்ன ஆர்லன், இன்னும் ஜன்னலை உடைச்சு முடிக்கலையா?" என்று பக்கத்து வீட்டு கஸ் போகும்போதும் வரும்போதும் வம்புக்கு இழுப்பான்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றுப் போனார்கள். போனை எடுத்துப் பேசியது இவர் இல்லையே, எடுக்காத ஆளுக்கு என்ன தொந்தரவு என்று கம்பெனி கேட்டது. நீதிபதியும் தலையாட்டி வழக்கைத் தள்ளிவிட்டார். அந்தத் தீர்ப்பைத்தான் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அன்று காலையில் புரட்டிப் போட்டிருந்தது.

"கேளுங்க" என்று கெண்ட்ரா வாசித்தாள். "'வீட்டின் அமைதி அந்த வீட்டில் வாழும் எல்லோருக்கும் சொந்தம். மணி அடித்தால், எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் அது கலைந்துதான் போகிறது.' எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க பாருங்க. இந்தக் கோர்ட்டுக்குக் கீழ வர்ற மூணு மாநிலத்துக்கும் இனிமே இதுதான் சட்டம்."

"அமைதியா?" என்றார் ஆர்லன். "அது இங்க நிறைய கெடக்கும்மா. வேணும்னா கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க."

கெண்ட்ரா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பதிவெல்லாம் எப்போ குடுப்பாங்க?"

அவள் பயந்த கேள்வி இதுதான். வழக்குப் போட்ட நாளிலிருந்து அவர் கேட்பது இது ஒன்றைத்தான். இந்த வீட்டுக்குப் போட்ட ஒவ்வொரு போனையும் கம்பெனி பதிவு செய்து வைத்திருந்தது. வழக்கு நடக்கிறவரை அதை அவர்கள் அழிக்க முடியாது.

"அதுல ஒரு சிக்கல்" என்றாள். "தீர்ப்பைப் பார்த்து கம்பெனிக்காரன் ஆடிப் போயிட்டான். மத்தியானமே சமரசத்துக்கு வந்துட்டான். நல்ல தொகை. கூரையை மாத்தலாம், குளிர்காலத்துக்கு ஃப்ளோரிடா போயிட்டு வரலாம். ஆனா பதிவைத் தர மாட்டாங்களாம். நீங்க கையெழுத்துப் போட்ட உடனே எல்லாத்தையும் அழிச்சுடுவாங்க."

"அப்போ கையெழுத்து கிடையாது."

"மிஸ்டர் ப்ரீபே, மறுபடியும் கீழ்க்கோர்ட்டுக்குப் போகணும். வருஷக்கணக்கா இழுக்கும். உங்க வயசுக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வீட்டம்மா தவறினதுலேருந்து ஒண்டியா இருக்கீங்க. மிச்ச காலத்தை நிம்மதியா கழிக்க வேண்டாமா? யாரோ ஒரு ஜன்னல் விக்கிறவன் மேல இவ்வளவு வன்மம் எதுக்கு?"

"வன்மம்னே வச்சுக்கோங்க."

கெண்ட்ராவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஃபீஸ் வாங்காமல் இந்த வழக்கோடு மல்லுக்கட்டியவள் அவள். சமரசப் பத்திரத்தை மேஜையில் அவர் பக்கமாகத் தள்ளி, அதன் மேல் பேனாவையும் வைத்தாள்.

"சரி, அதுல என்னதான் இருக்குனு நீங்களே கேட்டுக்குங்க. மாதிரிக்கு ஒண்ணு அனுப்பியிருக்காங்க. அவங்க ஆளுங்க எவ்வளவு மரியாதையா பேசினாங்க, இதுல யாருக்கு என்ன கஷ்டம்னு காட்டறதுக்கு. நானே இன்னும் கேக்கல." மடிக்கணினியைத் திறந்தாள்.

கிழவர் கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு பையனின் குரல், மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற குரல். "வணக்கம், உங்க வீட்டு ஜன்னல் வழியா குளிர்காத்து உள்ள வருதா?"

ஒரு பெண் சிரித்தாள். "ஜன்னல் மேல பழி போடாதீங்க தம்பி. அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குளிர் வர்றது எங்க வீட்டு மனுஷராலதான். எத்தனை தடவை சொன்னாலும் பின்கதவைத் திறந்து போட்டுட்டு வந்துடுவார். கொஞ்சம் இருங்க."

அந்தக் குரல் போனை விட்டுத் திரும்பியது. "ஆர்லன், கதவைச் சாத்தினியா?"

கெண்ட்ரா சமரசப் பத்திரத்தைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துப் பைக்குள் வைத்தாள். ஆர்லன் போனுக்குக் கீழே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சாத்திட்டேன், வெர்னா."