படத்துக்குக் கீழே எழுதியது

பௌத்தர்கள் காப்பாகக் கட்டும் பிரித் நூல் கட்டிய கை கைபேசியோடு உயர்வதைக் கண்டதும் றமீஸா குறுக்கே போய் நின்றாள்.

"இந்தப் படத்தை எடுக்க அனுமதியில்லை, சேர்." சிங்களத்தில்தான் சொன்னாள்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வத்தேகமவில் வரலாறு படிப்பிப்பதாகவும், வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்பதாகவும் சொன்னார். அவள் மறுபடி மறுத்தாள். அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். மண்டபத்தை விட்டுப் போகவில்லை.

கண்காட்சியைப் பதிவு செய்துகொண்டிருந்த லெட்சுமணன் கெமராவை இறக்கினான். "மொறச்சே தள்ளி அனுப்பிட்டீங்களே. வாத்தியாருன்னு சொன்னாருல்ல?"

"அண்டைக்கி எங்கட கடையக் கொளுத்த வந்தவங்கள்லயும் வாத்திமார் இருந்தாங்க."

கெம்பஸ் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து பல்கலைக்கழக மண்டபத்தில் வைத்த கண்காட்சி அது. பெயர் 'படத்துக்குக் கீழே'. அங்கே தொங்கிய படம் ஒவ்வொன்றும் உண்மையானது. அதற்குக் கீழே யாரோ எழுதி முகநூலில் விட்டதுதான் பொய்.

றமீஸாவின் பலகையில் இருந்தது அவள் வாப்பா முஹைதீனுடைய இரும்புக் கடையின் தரை. பன்வில தோட்டங்களுக்கு விற்க வந்த கவ்வாத்துக் கத்திகள், தேயிலைச் செடியின் தலையை வெட்டும் வளைந்த கத்திகள், வரிசையாகக் கிடந்தன. 'நம்மை வெட்டச் சேர்த்தவை' என்று ஒருவன் அதன் கீழே சிங்களத்தில் எழுதினான். மார்ச் மாதம் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் கடையும் எரிந்தது, அதற்கு மேலிருந்த வீடும் எரிந்தது. எட்டு மாதம் கழித்து, போன கிழமைதான் கடை மறுபடி திறந்திருந்தது.

படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாள் தொங்கியது. அதில் மூன்று மொழிகளிலும் சிவப்பு எழுத்தில் 'பொய்'. அந்தத் தாள் இல்லாமல் படம் இன்னொரு முறை வெளியே போனால் கடையும் இன்னொரு முறை போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

பதினொரு மணிபோல முஹைதீன் வந்தார். பலகையின் முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இதெல்லாம் நீயா செஞ்ச, மகள்?"

"நாங்க எல்லாரும், வாப்பா."

"எங்கப்பா முப்பது வருஷம் இந்தக் கத்தியிலதான் கவ்வாத்து வெட்டினாரு மொதலாளி" என்றான் லெட்சுமணன். "ஒங்க கடையில வாங்கினதுதான்."

"தெரியும், தெரியும். வெல கொறச்சுக் கேக்காம ஒரு நாளும் வாங்கினதில்ல ஒங்கப்பா."

வாப்பா சிரித்து எட்டு மாதமாகியிருந்தது. சிரித்த கையோடு கைபேசியை எடுத்தார். வீட்டு அலுமாரி எரிந்தபோது மகளுடைய சிறு வயதுப் படங்கள் அத்தனையும் போயிருந்தன.

"அதுக்குப் பக்கத்துல நில்லு, மகள். ஒரு போட்டோ எடுப்போம்." கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "லைட் அடிக்கிது. அந்தத் தாளக் கொஞ்சம் தூக்கிப் புடி."

அவள் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். நூல் கட்டியவர் அடுத்த பலகையிலிருந்து திரும்பிப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தாளைச் சட்டென்று விட்டாள்.

மறுநாள் காலை விரிவுரை தொடங்குமுன் லெட்சுமணன் ஓடி வந்தான். "றமீஸா, படம் வெளிய வந்திருச்சி."

அவன் நீட்டிய கைபேசித் திரையில் கத்திகள் பளிச்சென்று கிடந்தன. தாளும் இல்லை, 'பொய்' என்ற சொல்லும் இல்லை. கீழே சிங்களத்தில்: 'எரித்தும் திருந்தவில்லை. இப்போது கெம்பஸிலேயே காட்சிக்கு வைக்கிறார்கள்.' ஆயிரம் பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள்.

"அந்த மனுசன்தான்" என்றாள் றமீஸா.

"அவரு எடுத்ததப் பாத்தீங்களா?"

"தாள் தூக்கினது ஒரே ஒரு தரம். அவர் பாத்துக்கொண்டு நின்டார். ஒங்கட கெமராவத் தாங்க."

கெமராவில் அந்த ஆசிரியர் இருந்தார். உயர்த்திய கைபேசி, மணிக்கட்டில் நூல், எதிரே கத்திகள். வருகைப் புத்தகத்தில் பெயரும் பாடசாலையும் இருந்தன: திலகரத்ன, ஆசிரியர், வத்தேகம. அதன் கீழே, 'என் பிள்ளைகளையும் அழைத்து வருவேன்.'

கண்காட்சியின் முகநூல் பக்கத்தில் அவள் கெமராவிலிருந்த அவர் படத்தை ஏற்றினாள். 'எங்கள் கண்காட்சியிலிருந்து திருடிப் பொய் பரப்பியவர் இவர்தான்' என்று எழுதி, பெயரையும் பாடசாலையையும் சேர்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்க றமீஸா. சரி பாத்துட்டு…"

"சரி பாத்து முடியக்குள்ள கடை எரிஞ்சிரும்." பொத்தானை அழுத்திவிட்டாள்.

கால் மணித்தியாலத்தில் முந்நூறு பேர் பகிர்ந்தார்கள். ஒருவன் ஆசிரியரின் வீட்டு ஒழுங்கையைத் தேடி எழுதினான். இன்னொருவன், நூல் கட்டிய கையை என்ன செய்ய வேண்டும் என்று எழுதினான். லெட்சுமணன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

அப்போது வாப்பாவின் அழைப்பு வந்தது.

"கடையப் பூட்டிட்டேன், மகள். பொலிசுல இங்க நிக்காமப் போகச் சொல்றாங்க. சந்தியில ஆக்கள் சேர்ராங்க."

"பயப்படாதீங்க வாப்பா. எடுத்தவர் யாரென்டு ஊருக்கே காட்டிட்டேன். பேரும் போட்டிருக்கேன்."

வாப்பாவுக்குப் பின்னால் யாரோ கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது நான் எடுத்து நம்மட குடும்ப வட்சப் குரூப்புல போட்ட படம், மகள். ஒன்ன மட்டும் வெட்டிட்டாங்க."