மல்லிகை அணியின் வாசல்

மூன்றாம் முறை கட்டிய வாசல் ஒருவழியாக நின்றபோது விதூரிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை, எரிச்சலில்.

லெம்பாங் மலைச் சரிவில் மதியத்திலிருந்து விடாத தூறல். சாரணியர் தலைமைப் பயிற்சி முகாமின் மற்ற அணிகள் எல்லாம் வாசல் கட்டி, கொடியும் ஏற்றி, சோறு வடிக்கப் போய்விட்டன. மல்லிகை அணிக்கு மட்டும்தான் இந்தப் பாடு.

அணியில் ஆறு பேர். ஆறு பேருமே அவரவர் பள்ளியில் தலைவி ஆகக் காத்திருப்பவர்கள். நாளுக்கொருத்தி தலைமை ஏற்கவேண்டும். இன்று விதூரியின் முறை.

இன்று தேறினால்தான் தலைவிப் பட்டை அவளுக்கு. இல்லாவிட்டால் பள்ளியில் வேறொருத்திக்கு. அம்மா அவசரப்பட்டு அதைச் சட்டைப் பையின் மேல் தைத்து, சித்திமார்களுக்கெல்லாம் படம் வேறு அனுப்பியிருந்தாள்.

ஆளுக்கொரு கழி, ஒரு சுருள் கயிறு. கழிகளைப் பிணைத்து வாசல் எழுப்பவேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒருத்தி போட்ட முடிச்சு தளர்வாக இருந்தது. விதூரி அதை அவிழ்த்துத் தானே போட்டாள். இன்னொருத்தி குறுக்குக் கழியைக் கோணலாகப் பிடித்தாள். அதைப் பிடுங்கித் தானே பிடித்தாள்.

கடைசியில் நான்கு பேர் பைன் மரத்தடியில் ஒதுங்கி, கடலை கொறித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். எதற்கும் லாயக்கில்லாத கூட்டம்.

லிலிஸ் இவர்களைவிட மோசம். ஒதுங்கவும் மாட்டாள், சும்மா இருக்கவும் மாட்டாள்.

“தலைவியம்மா, கழியைக் கொஞ்சம் அகட்டி நடுங்க. இப்படி நெருக்கி நட்டா, ஆட்டுக்குட்டி வந்து உரசினாக்கூட விழுந்துடும்.”

மரத்தடியில் சிரிப்பு.

“இன்னைக்குத் தலைவி நீயா, நானா?” என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள் விதூரி.

அதன் பிறகு வாசல் இரண்டு முறை விழுந்தது. எல்லாம் அந்தக் கரிநாக்கால் வந்த வினை.

இப்போது நின்றுவிட்டது. கடைசி முடிச்சை விதூரி இழுத்து இறுக்கவும் பயிற்சியாளர் ஹெனி அக்கா ஊதலோடு வரவும் சரியாக இருந்தது.

எல்லாரையும் வாசலைச் சுற்றி நிற்கச் சொன்னார் அக்கா. மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். லிலிஸ் மட்டும் இடப்பக்கக் கழியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அந்தத் திமிரைப் பார்க்கப் பார்க்க விதூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹெனி அக்கா வாசலை மேலும் கீழும் பார்த்தார்.

“காலையில உங்கள்ல ஒருத்தியைத் தனியாக் கூப்பிட்டு, இன்னைக்கு வேலையைக் கெடுக்கச் சொல்லியிருந்தேன். அது யாருன்னு கண்ணை மூடிக்கிட்டு விரலை நீட்டுங்க, பார்ப்போம்.”

விதூரிக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அதுதானே பார்த்தேன். தன் மேல் குற்றமே இல்லை. பட்டை எங்கும் போகாது.

யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணை மூடி, இடப்பக்கக் கழியை நோக்கி விரலை நீட்டினாள்.

விரலை இறக்காமல் கண்ணைத் திறக்கச் சொன்னார் அக்கா.

நான்கு விரல்கள் விதூரியைக் காட்டிக்கொண்டிருந்தன.

தவறு என்று அக்கா சொல்வார் என அவள் காத்திருந்தாள். அக்கா சிரிக்கவில்லை. காலையில் தான் யாரையும் கூப்பிடவே இல்லை என்றார்.

மழை கொஞ்சம் வலுத்தது.

நீட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் விதூரி லிலிஸைப் பார்த்தாள். லிலிஸ் மட்டும் யாரையும் காட்டவில்லை.

அவளுடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கழியை இறுக்கிப் பிடித்திருந்தன. குதிகால்கள் சேற்றில் புதைந்து, சாயும் கழியின் பாரத்தில் உடம்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.