குடத்துக்குள் மோதிரம்

“குடத்துலேருந்து கைய எடு அல்லி. முதல்ல படிவத்துல கையெழுத்துப் போடு,” என்று மேடையிலேயே மாப்பிள்ளை தருண் கத்தினான்.

“மோதிரம் தேடுறதுக்குக்கூட உங்க கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணுமா?” அவளும் குரலை உயர்த்தினாள்.

எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் தாலிக்கு முதல் நாள் மாலையே இந்த விளையாட்டை முடித்துவிடுவோம். ஒரு பாத்திரம், அதில் ஒளித்த பொருள், தேடுவதற்கு இரண்டு பேர். இந்த ஆட்டமுறைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கும் வீடியோ கேம் கம்பெனியில்தான் தருணுக்கு உத்தியோகம். விண்ணப்பத்தை எழுதியவனே அவன்தானாம். பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை.

“இத கண்டுபிடிச்சவன் நான்,” என்றான், கூச்சமே இல்லாமல்.

“எங்கம்மா இதுல எங்கப்பாவ ஜெயிச்சப்போ நீ பொறக்கவே இல்லடா,” என்று அல்லி குடத்தை அவன் மடியில் கவிழ்த்தாள்.

கல்யாணம் நின்றது. தருண் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். அடுத்த ஆனியில் அல்லி காரைக்கால் பல் டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அங்கே கதவைச் சாத்தி, ஜன்னலை மூடிக் குடத்தில் மோதிரம் போட்டார்களாம். போட்டார்களாம் என்ன, வாசலில் காவலுக்கு நின்றதே நான்தான்.