மூன்றாவது வரிசைக் குறட்டை

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்யா!"

தையல்காரர் பல்லைக் கடித்தார். திரையில் கதாநாயகன் தொலைந்துபோன தாயைத் தேடிக் கொட்டும் மழையில் ஓடிக்கொண்டிருந்தான். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. மூன்றாவது வரிசையில் மட்டும் 'கொர்ர்ர்...'

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படமாகப் போடுகிறார்கள். தையல்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாராவது பேண்ட் கேட்டு வந்தால், "உடம்பு சரியில்லைங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, தலையை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

என்ன ஒரு சந்தோஷம் அது! கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் அரங்கமே வசனத்தைச் சொல்லி முடித்துவிடும். வில்லன் வந்தால் ஆளாளுக்குத் திட்டுவார்கள். முன் வரிசை நர்ஸம்மா, அழுகிற காட்சிக்கு ஐந்து நிமிஷம் முன்பே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்.

அதில் மண்ணள்ளிப் போட வந்து சேர்ந்தவர்தான் இந்த எலெக்ட்ரீஷியன். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். எழுத்துப் போட்டு முடிவதற்குள் தலை தொங்கிவிடும்.

அன்றைக்குத் தையல்காரரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏங்க, தூங்கறதுக்கு வீட்டுல இடமில்லையா?"

எலெக்ட்ரீஷியன் பதறி எழுந்தார். "மன்னிச்சுக்குங்க சார்." கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அந்தப் பையனோட அம்மா கிடைச்சுட்டாங்களா சார்?" என்றார்.

"முழிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!"

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழையபடி 'கொர்ர்ர்...'

படம் விட்டதும் மேனேஜரிடம் போய்க் கத்தினார்.

"டிக்கெட் வாங்கிட்டு உக்கார்ந்திருக்காரு. தூங்கக் கூடாதுன்னு டிக்கெட்டுல போட்டிருக்கா என்ன?" மேனேஜர் சிரித்தார்.

தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் போடப்போவது, கல்யாணமான புதுசில் அவரும் மனைவியும் சேர்ந்து பார்த்த முதல் படம். முப்பது வருஷமாக மறுபடி பார்க்கக் கிடைக்காத படம். மனைவியையும் அழைத்துப் போகிறார். அன்றைக்கும் குறட்டை கேட்டால் ஜென்மத்துக்கும் ஆறாது.

மறுநாள் சாயங்காலம், இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கே போய் நின்றார். கதவைத் தட்டினார்.

"யாரு? திறந்துதான் இருக்கு, உள்ளே வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் எலெக்ட்ரீஷியனின் மனைவி படுத்திருந்தாள். தலைமாட்டில் மாத்திரைகள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்ன மணி.

"எழுந்து வர முடியாதுண்ணே. முதுகெலும்புல அடி. ரெண்டு வருஷமாச்சு. அவரு மருந்து வாங்கப் போயிருக்காரு, வந்துடுவாரு. நீங்க யாருன்னு..."

"தையல்கடை வச்சிருக்கேம்மா. சாரைத் தியேட்டர்ல பார்த்திருக்கேன்" என்று இழுத்தார்.

அவள் முகம் மலர்ந்தது. "நேத்துப் படத்துக்கு வந்தீங்களா? வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒண்ணு விடாம கதை சொல்லிடுவாரு. கடைசியில கப்பல் கிளம்பற நேரத்துல அந்தப் பையன் ஓடி வந்து அம்மாவைக் கண்டுபிடிக்கிறானாமே! கேட்டதும் அழுகை வந்துடுச்சுண்ணே."

தையல்காரர் விழித்தார். கப்பலா? அந்தப் படத்தில் ஒரு ஓடம்கூடக் கிடையாதே! அட பாவி, தூங்கியதும் இல்லாமல், படுத்த படுக்கையாகக் கிடப்பவளிடம் வாய் கூசாமல் புளுகி வேறு வைத்திருக்கிறானே!

'உன் வீட்டுக்காரர் படமே பார்க்கலைம்மா' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"ஆமாம்மா" என்றார். "பெரிய கப்பல்."

அவள் குலுங்கிச் சிரித்தாள். வலித்திருக்க வேண்டும், இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களுமா அண்ணே? கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்தவ நான். அதுல கடலே வராது."

"அப்போ, அவர் அங்கே தூங்கறது..."

"தெரியாம என்ன? ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் படுக்க வைக்கணும். விடிஞ்சா ஏணி மேல நின்னு கரண்டுல கை வைக்கிற வேலை. ஒரு நாள் கண்ணசந்துட்டார்னா? ஞாயித்துக்கிழமையானா என் தங்கச்சி வந்து என்கூட இருப்பா, கொஞ்சம் படுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். நான் லேசா இருமினாக்கூட எழுந்து ஓடி வந்துடறாரு. அதான், பழைய படமாப் போடறாங்களாம், பார்த்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லுங்கன்னு அடம்பிடிச்சு அனுப்பறேன். அந்த மூணு மணி நேரமாவது தூங்கட்டும். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. சொல்லிடாதீங்கண்ணே."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்துப் பையோடு உள்ளே நுழைந்த எலெக்ட்ரீஷியன், தையல்காரரைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனார். மனைவிக்குத் தெரியாமல் இரண்டு கைகளையும் கூப்பி, 'சொல்லிடாதீங்க' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

தையல்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லை சார். அடுத்த வாரம் ரொம்ப நல்ல படம். நீங்க அவசியம் வந்துடணும்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."