சிவப்பாகும் புளியமரத்தடி

அரியலூர் சுகாதார அலுவலகத்தில், கணினித் திரையில் விரிந்த மாவட்ட வரைபடத்தின் மேல் இன்னொரு சிவப்புப் புள்ளி முளைக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் உயிர். வேணி இமைக்காமல் பார்க்கிறாள். மேலே ஃபேன் கடகடக்கிறது; உள்ளங்கை வேர்வையில் மவுஸ் வழுக்குகிறது. "என்னக்கா இது, கோழி கெளறிப் போட்ட மாதிரி மூலைக்கு ஒண்ணா கெடக்கு? ஒரு ஊருத் தண்ணி இன்னொரு ஊருக்குப் போவாதே!" என்கிறான் பக்கத்து நாற்காலி இளவரசன். "இது அவங்கவங்க வூடு இருக்குற எடம்டா. கடைசியா எங்க குடிச்சாங்கன்னு மாத்திப் பாப்போம்." அவள் ஒரு பொத்தானை அழுத்துகிறாள். சிதறிக் கிடந்த புள்ளிகள் எல்லாம் விறுவிறுவென்று ஓடி, கல்லங்குறிச்சி சாலையோரம் ஒரே இடத்தில் ரத்தக் கட்டியாய் உறைகின்றன. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறும் புளியமரத்தடி. அங்கே நேற்று முதல் நீர்மோர் பந்தல் போட்டிருப்பது அவள் புருஷன் செந்தில்குமார். போனை எடுத்து அவனை அழைக்கிறாள். "ஏங்க! மோர் ஊத்துறத நிறுத்துங்க, இப்பவே!" மறுமுனையில் மேளம் காதைக் கிழிக்கிறது. "ஒண்ணும் கேக்கல வேணி! மோரு அமிர்தமா இருக்குன்னு கூட்டம் நெருக்குது. ஒன் ஆபீசையும் கூட்டிக்கிட்டு வாயேன்!" அவன் சிரிக்கிறான். "நம்ம பாப்பாகூட காலையிலேருந்து சோறே வேண்டாம்னு மோராவே குடிச்சா. இப்பதான் வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்திருக்கா."